கண்ணுக்குப் புலனாகா உயிர்களும் புராஸ்டேட் புற்றுநோயும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



வாழ்நாளெல்லாம் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்த ஒருவன் நோயைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நம் மரபில் அதற்கு இடமுண்டு. காரியாசான் தம் நூலுக்கு ஐந்து வேர்களாலான மருந்தின் பெயரைச் சூட்டிச் சிறுபஞ்சமூலம் என்றார். கணிமேதாவியார் ஏலம் முதலிய ஆறு சரக்குகள் சேர்ந்த மருந்தின் பெயரை ஏலாதிக்கு இட்டார். இருவரும் சமணர். நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தையும் ஒன்றாக வைத்தது நம் நெறி. அந்தத் துணிவில்தான் இங்கே நிற்கிறேன். எனக்குப் பின் பேசவிருக்கும் மருத்துவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார் என்பது கூடுதல் துணிவு.

விழாவிற்கு முன்னர் வைக்கப்பட்ட வினாப்பெட்டியில் விழுந்த சீட்டுகளுள் இரண்டினை அறக்கட்டளையினர் என்னிடம் தந்தனர். முதற்சீட்டு இது: “புராஸ்டேட் புற்றுநோய் பாக்டீரியாவால் வருகிறது என்று கைப்பேசியில் செய்தி வந்தது. அப்படியானால் ஆன்டிபயாடிக் மாத்திரை உண்டு முன்கூட்டியே தடுத்துக்கொள்ளலாமா?” இரண்டாவது சீட்டு அதற்கு மறுமொழிபோல அமைந்திருந்தது: “மாத்திரை உண்டால் எண்ணிறந்த உயிர்கள் மடியுமே, அது ஹிம்சை ஆகாதா?” இரண்டிலும் பெயர் இல்லை. மற்றச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் பெயர் இருந்தது. இந்த வேற்றுமையைப் பின்னர்த் தொடுவேன்.

புராஸ்டேட் என்பது ஆடவர்க்கு மட்டுமே உரிய சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்து, அக்ரூட் கொட்டை அளவில் இருப்பது. விந்தோடு சேரும் நீர்மத்தைச் சுரப்பது அதன் தொழில். பெயர் கிரேக்கச் சொல். முன்னே நிற்பது என்று பொருள். அதனை அவ்வாறே பெயர்த்து முன்னிற்கும் சுரப்பி என்று எழுதுவோரும் உண்டு. அழகிய ஆக்கந்தான், ஆனால் மருத்துவமனையில் அச்சொல்லைச் சொன்னால் எவருக்கும் விளங்காது. ஆகவே புராஸ்டேட் என்றே வழங்குகிறேன். அகவை ஏற ஏற இச்சுரப்பி பருத்தல் இயல்பு. அப்பருமன் புற்றன்று. புற்றுநோய் வேறு. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 14.7 லட்சம் ஆடவர்க்கு இப்புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் அதனால் இறந்தனர்.

இதில் பாக்டீரியாவுக்கு என்ன பங்கு என்ற ஐயம் எழுந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் என்றொரு நகரம். அந்நகர மருத்துவமனையில் ராபின் வாரன் என்னும் நோயியல் அறிஞர், இரைப்பை அழற்சியுற்றோரின் திசுக்களில் சுருள் வடிவான கிருமி ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டார். இரைப்பையின் அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்பதே அக்கால மருத்துவ உலகின் உறுதியான முடிபு. பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்து அக்கிருமியை வளர்க்க முயன்றார். வழக்கமாக இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு எறிந்துவிடும் வளர்ப்புத் தட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கவனிப்பாரின்றிக் கூடுதல் நாட்கள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அதன் வளர்ச்சி மெதுவானது, பார்ப்பவர்தாம் விரைந்திருக்கின்றனர். 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அக்கிருமியை, அதாவது ஹெலிகோபாக்டர் பைலோரியை, மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உறுதிசெய்தது. 2005இல் இருவருக்கும் நோபெல் பரிசு.

அதே 2005இல், அதே பெர்த் நகரத்திலிருந்து, கோஹன் என்பாரும் உடனாய்வாளரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். புராஸ்டேட் புற்றுநோயுற்ற 34 பேரின் சுரப்பித் திசுக்களை வளர்ப்புத் தட்டுகளில் இட்டுப் பார்த்தபோது, 35 விழுக்காட்டில் ஒரே வகைக் கிருமி மிகுதியாகத் தென்பட்டது. அது கண்டிருந்த சுரப்பிகளில் அழற்சியும் மற்றவற்றைவிட மிகுந்திருந்தது. அக்கிருமி நமக்குப் புதியதன்று. இளையோர் முகத்தில் பரு தோன்றுவதற்குத் துணைபோவதாகச் சொல்லப்படும் கிருமிதான். இன்று கியூட்டிபாக்டீரியம் ஏக்னிஸ் என்று வழங்குவது. நம் ஒவ்வொருவர் தோலிலும் எண்ணெய்ப் பசையுள்ள இடங்களில் குடியிருப்பது.

தோலில் இருப்பது ஆழத்திலுள்ள சுரப்பிக்கு எவ்வாறு சென்றது? சென்றதா, அல்லது அறுவை செய்தவர் கையிலிருந்தும் ஆய்வுக்கூடத்தின் காற்றிலிருந்தும் திசுவில் ஒட்டிக்கொண்டதா? இந்த வினாவை அறிஞர்கள் அன்றே எழுப்பினர். இன்றளவும் இத்துறையின் முள் இதுவே.

அழற்சிக்கும் புற்றுக்கும் உறவுண்டு என்னும் எண்ணம் பழையது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ 19ஆம் நூற்றாண்டிலேயே கட்டிகளில் வெள்ளணுக்கள் திரண்டிருப்பதைக் கண்டு எழுதினார். புண்பட்ட இடத்தில் செல்கள் இறப்பதும் அவ்விடத்தை நிரப்பப் புதிய செல்கள் பிளந்து பெருகுவதும் இயற்கை. அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அப்பிளவும் ஓயாது. கிருமிகளை எதிர்க்க வெள்ளணுக்கள் உமிழும் வேதிப் பொருட்கள் நம் செல்களின் டி.என்.ஏ.வையும் சிதைக்கும். ஓயாமல் படியெடுக்கும் எழுத்தன் ஏட்டுச்சுவடியில் பிழை சேர்ப்பதுபோல, ஓயாமல் பிளக்கும் செல்லிலும் பிழைகள் சேர்கின்றன. பதிப்பாசிரியர்கள் பாட வேறுபாடு என்று அடிக்குறிப்பிட்டுக் கடந்துவிடலாம். உடலில் அது இயலாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறிஞர்கள் 1999இல், புராஸ்டேட்டில் அழற்சியுற்றுத் தேய்ந்தும் உள்ளே செல்கள் விரைந்து பெருகிக்கொண்டும் இருக்கும் சிறு பகுதிகளை விவரித்து, புற்றின் நாற்றங்கால் இவையாகலாம் என்று கருதினர்.

அதே நிறுவனத்தார் பின்னர், புற்றுநோயாளி ஒருவரின் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த அப்பருக் கிருமியை எலிகளின் சுரப்பியில் செலுத்தியபோது அழற்சி பல வாரங்கள் நிலைத்ததைக் கண்டனர். இவ்வவையில் எலிகளைப் பற்றிச் சொல்ல என் நா கூசுகிறது. ஆயினும் இவ்வறிவு எவ்வழி வந்தது என்பதை மறைத்து அதன் பயனை மட்டும் உங்கள்முன் வைப்பது அதனினும் பிழையென்று சொல்லிவிட்டேன். 2021இல் அவர்களே வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. ஈ.கோலை என்னும் குடல் கிருமியின் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நச்சுப் பொருளைச் சுரக்கின்றன, அது டி.என்.ஏ. இழையை முறிக்க வல்லது. புராஸ்டேட் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் இரண்டு மரபணுக்கள் முறிந்து தவறாக ஒட்டிக்கொண்ட ஓர் அடையாளம் காணப்படும். அந்த அடையாளத்தை, புற்று இன்னும் உருவாகாத, ஆனால் கிருமித்தொற்றால் அழற்சியுற்ற திசுவிலேயே சில நோயாளிகளிடம் அவர்கள் கண்டனர். கிருமி முதலில், முறிவு அடுத்து, புற்று பின்னர் என்ற வரிசைக்கு இது ஒரு சான்று. எல்லா நோயாளிகட்கும் இதுவே வழி என்பதற்குச் சான்றாகாது.

கைப்பேசியில் பரவும் செய்தியின் மூலம் பெரும்பாலும் 2022ஆம் ஆண்டின் இங்கிலாந்து ஆய்வாக இருக்கலாம். நார்விச் நகரிலுள்ள கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகத்தில் காலின் கூப்பர், ரேச்சல் ஹர்ஸ்ட் முதலியோர், புற்றுநோய் உள்ளோரும் இல்லாதோருமாக 600க்கு மேற்பட்ட ஆடவரின் சிறுநீரையும் திசுக்களையும் ஆராய்ந்தனர். உயிர்வளி இல்லாத இடத்தில் வாழும் ஐந்து பாக்டீரியா இனங்கள், விரைந்து பரவும் கொடிய வகைப் புற்றோடு சேர்ந்து காணப்பட்டன. முன்னர் அறியப்படாத கிருமிகளும் சில அகப்பட்டன. கொடிய வகை எது, வாளா கிடக்கும் வகை எது என்று பிரித்தறிவது இந்நோயில் பெருஞ்சிக்கல். முதியோர் பலர் இப்புற்றோடு வாழ்ந்து, வேறு காரணத்தால் இறக்கின்றனர். அவர்கட்கு அறுவையும் கதிர்வீச்சும் வீண் துன்பமே. ஆகவே சிறுநீரிலுள்ள கிருமியைக் கொண்டு கொடியதைப் பிரித்தறியக்கூடுமாயின் அது பெரும்பேறு. ஆனால் அவ்வாய்வாளர் தாமே சொன்னதைச் செய்தி பரப்புவோர் விட்டுவிடுகின்றனர். இக்கிருமிகள் புற்றை விளைவிக்கின்றனவா, புற்றால் நலிந்த இடத்தில் வந்து குடியேறுகின்றனவா, உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியதால் பெருகினவா என்பது தெளியவில்லை என்றே அவர்கள் கூறினர். இடிந்த வீட்டில் பல்லி மிகுந்திருக்கக் காண்கிறோம். பல்லியா வீட்டை இடித்தது?

இத்துறையில் விரைந்து முடிவுகட்டியோர் அடைந்த நிலையையும் சொல்லவேண்டும். 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் புராஸ்டேட் புற்றில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்னும் புதிய வைரஸைக் கண்டதாக அறிவித்தனர். உலகமே பரபரத்தது. ஐந்தாண்டுகட்குப் பின் உண்மை தெரிந்தது. மனிதப் புற்றுச் செல்களை ஆய்வுக்கூடத்து எலிகளின் உடலில் வைத்து வளர்த்தபோது, எலியின் மரபுப் பொருளிலிருந்து 1990களில் பிறந்தது அவ்வைரஸ். அங்கிருந்து ஆய்வுப் பொருட்களில் கலந்தது. நோயாளிகளிடம் அது இருந்ததே இல்லை. 2012இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அதைவிட அண்மையது ஒன்று. முப்பதுக்கு மேற்பட்ட புற்றுநோய் வகைகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாக்டீரியா அடையாளம் உண்டு என்று கலிபோர்னிய ஆய்வாளர் 2020இல் நேச்சர் இதழில் எழுதினர். அவர்களுடைய கணினித் தரவுகளை நார்விச்சைச் சேர்ந்தோரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறிஞரும் மறுபடி ஆராய்ந்தபோது, மனிதனின் டி.என்.ஏ. துணுக்குகளே பாக்டீரியா என்று தவறாக எண்ணப்பட்டிருந்தது வெளிப்பட்டது. 2024இல் அக்கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. ஐந்து கிருமிகளைக் கண்டு சொன்ன அதே நார்விச் குழுவினரே, திசுக்கிருமி ஆய்வின் பெரும்பிழை ஒன்றையும் அம்பலப்படுத்தினர் என்பதைக் கவனியுங்கள். தம் துறைக்குக் கேடு என்று அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. அவர்களுடைய ஏனைய சொற்களில் எனக்கு நம்பிக்கை பிறப்பது இதனால்தான்.

புராஸ்டேட் திசுவில் இருக்கும் பாக்டீரியா மிகச் சில. ஊர்வலத்தின் மேளதாளத்திடையே ஒருவர் காதோடு சொல்லும் சொல்லைக் கேட்பது போன்றது இவ்வாய்வு. வேதிப் பொருட்களிலும் குழாய்களிலும் ஊசியிலும் ஒட்டியுள்ள கிருமிகளின் இரைச்சல் பெரிது. எனவே நேர்மையான ஆய்வாளர், திசு எதுவும் இடாத வெறுங்குழாயையும் அதே சோதனைக்கு உட்படுத்துவர். வெறுங்குழாயிலும் அதே கிருமி தென்பட்டால் அதைக் கணக்கிலிருந்து நீக்குவர். நம் ஆசாரியர்கள் எந்தப் பொருளைப் பற்றிச் சொல்லும்போதும் ‘சியாத்’ என்ற சொல்லை முன்னே நிறுத்தினார்கள்; ஒருவகையால் என்பது பொருள். அவ்வெறுங்குழாயைப் பற்றிப் படித்தபோது எனக்கு அச்சொல்லே நினைவுக்கு வந்தது.

முதற்சீட்டுக்கு என் மறுமொழி இதுதான். புராஸ்டேட் புற்றுநோயில் பாக்டீரியாவுக்குப் பங்கு இருக்கக்கூடும்; சில நோயாளிகளில் இருந்ததற்கான தடயமும் உண்டு. ஆனால் இரைப்பைக் கிருமியைப்போல இது நிறுவப்படவில்லை. எந்த மாத்திரையும் இப்புற்றை முன்கூட்டித் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. காய்ச்சலும் எரிச்சலும் வலியுமாக வரும் புராஸ்டேட் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். மருத்துவர் சொன்ன நாட்கள் முழுவதும், சில வேளைகளில் வாரக்கணக்கில், உண்ணவேண்டும். அது புற்றுக்கான மருந்தன்று. மருந்துக்கடையில் தாமே வாங்கி விழுங்குவோர் செய்வது வேறொரு தீங்கு. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்தனர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். வேண்டாத மாத்திரை ஒவ்வொன்றும் அத்தகைய கிருமிகளை வளர்க்கிறது.

இரண்டாம் சீட்டு நம் நெறியின் உள்ளே நின்று கேட்பது. மேடைகளில் சிலர், நிகோத சீவன்கள் என்று ஆகமம் சொன்னவையே பாக்டீரியா என்று முழங்குவர், கைதட்டும் கிடைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிகோதம் என்பது ஓருடலில் எண்ணிறந்த சீவன்கள் உறைவதைப் பற்றிய தத்துவக் கொள்கை. நுண்ணோக்கியில் காண்பதோடு அதனை ஒன்றாக்கினால், நாளை அறிவியல் ஒரு கருத்தை மாற்றும்போது ஆகமத்தையும் மாற்றவேண்டி வரும். கண்ணுக்குப் புலனாகா உயிர்கள் நீரிலும் காற்றிலும் நிறைந்துள்ளன என்று நம்பி, நீரைத் துணியால் வடிகட்டி அருந்திய முன்னோரின் அருளுள்ளம் போதும். அவர்கட்கு நுண்ணோக்கியின் சான்றிதழ் வேண்டியதில்லை.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் சங்கற்ப ஹிம்சையை, அதாவது கொல்லவேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் கொலையை, விலக்குகிறது. சமைத்தல், உழுதல், தற்காத்தல் ஆகியவற்றில் நேரும் ஹிம்சை முற்றும் தவிர்க்க இயலாதது, இயன்றவரை குறைக்கவேண்டியது. நோயுற்றவர் மருத்துவர் தந்த மருந்தை உண்பது இவ்வகையைச் சாரும் என்பது என் துணிபு. தேவையின்றி உண்பது அவ்வாறன்று. காரணமற்ற இடத்தில் கோடிக்கணக்கான உயிர்களை அழிப்பதற்கு எந்த விதிவிலக்கும் எனக்குத் தெரியவில்லை. சீட்டெழுதிய இருவரும் எதிரெதிர்த் திசையில் புறப்பட்டுக் கடைசியில் ஒரே மருந்துக்கடை வாசலில் சந்தித்துக்கொள்கின்றனர். இருவருமே அங்கிருந்து வெறுங்கையுடன் திரும்பலாம்.

பெயர் எழுதாததைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். சர்க்கரை நோய் பற்றியும் முழங்கால் வலி பற்றியும் கேட்டவர்கள் பெயரெழுதினார்கள். இடுப்புக்குக் கீழுள்ள நோய் என்றால் நம் ஆடவர்க்கு நாணம். என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் முதுகுவலி என்று ஓராண்டு தைலம் பூசினார். சிறுநீர் தடைப்படுவதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நெருஞ்சில் குடிநீர் மட்டும் பருகிவந்தார். சிறுபஞ்சமூலத்தின் ஐந்து வேர்களில் நெருஞ்சியும் ஒன்று. அதனை நான் இகழமாட்டேன். ஆனால் குழாயை நெருக்குவது எது என்று பாராமல் நீரைப் பெருக்கிக் கொண்டிருப்பதில் என்ன பயன்? கண்டறிந்தபோது நோய் முதுகெலும்பில் பரவியிருந்தது. அவர் மாணவர்களுக்கு ஒரு கணக்கையும் விடை சரிபார்க்காமல் விட்டதில்லை.

நம்மவர் கவனிக்கவேண்டிய குறிப்பு ஒன்றுண்டு. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவோர்க்கு, மாலைக்குப் பின் நீர் அருந்துவதைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்வர். கதிரவன் மறைந்தபின் உண்ணாமலும் பருகாமலும் இருக்கும் நோன்புடையோர் நம்மில் பலர். அந்நோன்பிருந்தும் ஓரிரவில் மூன்று முறை எழ நேர்ந்தால், வயதாயிற்று என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பெரும்பாலும் சாதாரணப் பருமனாகவே இருக்கும். தொடக்க நிலைப் புற்றுக்கு அறிகுறி எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் 50 வயதானவர், துன்பம் இல்லாவிடினும், பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனை தமக்கு வேண்டுமா என்று மருத்துவரோடு கலந்து பேசவேண்டும். அவ்வெண் உயர்ந்தாலே புற்று என்று நடுங்கவேண்டா. சுரப்பி பருத்தாலும் உயரும். பாக்டீரியாத் தொற்றினாலும் உயரும். தொற்று தணிந்தபின் மறுபடி சோதித்தால் இறங்கியும் விடும்.

தாய்மார்களே, இது ஆண்களின் நோயாயிற்றே என்று நீங்கள் இதுவரை பொறுமையோடு கேட்டிருப்பீர்கள். உங்களுக்கும் இதில் தொடர்புண்டு. மார்பகப் புற்றுக்கும் கருப்பைச் சூலகப் புற்றுக்கும் ஏதுவான பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுப் பழுது, அதே குடும்பத்து ஆடவர்க்குப் புராஸ்டேட் புற்று வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருந்தவர், 50 வயதுவரை காத்திராமல் 45 வயதிலேயே மருத்துவரைக் காணவேண்டும். எந்த அத்தைக்கு என்ன நோய், எந்தப் பெரியப்பா எதனால் மறைந்தார் என்பது வீட்டில் பெரும்பாலும் உங்களுக்குத்தான் தெரியும். கணவரையோ மகனையோ மருத்துவரிடம் அனுப்பும்போது அதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அச்சோதனையின் எண்களை எவ்வாறு படிப்பது என்பதை இப்போது மருத்துவர் விளக்குவார்.